மூன்று கிளினிக் கொப்பிகள்

ஜூலை 9, புதன்

இன்றும் மங்கையற்கரசி அக்கா வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது புதன்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் கிளினிக். எட்டு மணிப் பாதையில், அந்தத் தட்டை மிதவைப் படகில், மோட்டார் சைக்கிள்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் நின்றபடி வாவியைக் கடந்து, ஒன்பதுக்கு முன்னர் என்னுடைய மருந்து யன்னலுக்கு வந்துவிடுவார். கையில் றப்பர் வளையம் போட்ட மூன்று கிளினிக் கொப்பிகள்: தன்னுடையது, தாயார் ஆச்சிப்பிள்ளையுடையது, பக்கத்து வீட்டுக் கதிர்காமத்தம்பி ஐயாவுடையது. நோயாளி வராமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி. எண்பது வயதுக்காரரைப் பாதையில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல டொக்டருக்கும் மனமில்லை, எங்களுக்கும் மனமில்லை. அக்கரையில், படுவான்கரையில், எத்தனையோ வீடுகளுக்கு இப்படித்தான் மருந்து போகிறது.

மே மாதம் வந்தார். ஜூனில் வரவில்லை. இன்று பன்னிரண்டு மணிவரை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து யன்னலில் ரதீஸ் அண்ணா குளிசை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரத் தேடுறாய் கம்சாயினி?"

"ஒருத்தரையும் இல்ல."

ஏன் கேட்டார்? நான்கு வருடம் ஒரே அறையில் வேலை செய்கிறோம். நான் யாரைப் பார்க்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூலை 10, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை யாரும் வாசிக்கப் போவதில்லை.

மே 14. விசாக் விடுமுறை இரண்டு நாளும் முடிந்து திறந்த நாள். சனம் வெளி மதில்வரை நின்றது. அப்படியான நாளில் மருந்து உறையில் பெயர் எழுதுவதில்லை. எத்தனை, எப்போது என்று மட்டும். மங்கையற்கரசி அக்காவின் மூன்று கொப்பிகளும் மேசையில் விரித்தபடி கிடந்தன. மூன்று கட்டு உறைகளும் தயார். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். மீண்டும் இந்தப் பக்கம் திரும்பியபோது கொப்பிகள் அதே ஒழுங்கில்தான் கிடந்தனவா? உறைகளைச் செருகி, வளையத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. கதிர்காமத்தம்பி ஐயாவின் சீனி வருத்தக் குளிசை எந்தக் கொப்பிக்குள் போனது? ஆச்சிப்பிள்ளை அம்மாவுக்குப் பிரசர் மட்டும்தான். சீனி வருத்தம் இல்லாத கிழவி அந்தக் குளிசையைப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியுமிருக்கிறேன்.

இருப்பு எண்ணிக்கை சரியாக வந்தது. சரியாகத்தான் வரும். ஆளுக்கு ஆள் மாறிப்போனால் எண்ணிக்கையில் தெரியாது.

அடுத்த நாளே பாதை ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. மே கடைசியில் வரிசையில் நின்ற ஒருவர் அக்கரையில் ஒரு கிழவி மயங்கி விழுந்த கதை சொன்னார். யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதனால்தானே கேட்கவில்லை?

இப்போது நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை, மன அழுத்தம் என்று உளவளத்துணைக்கு ஒரு துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஜூலை 12, சனி

உளவளத்துணை நிலையம் நகரத்தில், ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில். பெரியகல்லாற்றிலிருந்து ஒரு மணி நேர பஸ். தெரிந்த முகம் இராது என்றுதான் அதைத் தெரிவுசெய்தேன். அம்மாவிடம் நூலகம் என்று சொன்னேன்.

உளவளத்துணையாளர் நஸீறா, ஊர் காத்தான்குடி, நாற்பதுக்கு மேல் இருக்கும். நான் உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"இதுக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை எண்டு பேர் தங்கச்சி. பேர்தான் பெரிசு. நினைப்பு வந்தா அதுக்கிட்ட ஆதாரம் கேக்கிறது, அவ்வளவுதான். பொலிஸ் வேலை."

"நான் சொல்லுறது இஞ்சயே இருக்குமா?"

"இரிக்கும். உங்கட உயிருக்கோ இன்னொராள்ட உயிருக்கோ ஆபத்து எண்டா மட்டும் நான் வெளிய தெரிவிக்கத்தான் வேணும்."

இன்னொருவருடைய உயிர். அந்தச் சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னாரா? எல்லோருக்கும் சொல்வதுதானா? என் துண்டில் எந்த ஆஸ்பத்திரி என்று இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

வாயில் வந்ததைச் சொன்னேன். பாதையில் ஏறப் பயம், வாவியை நினைத்தாலே நெஞ்சு அடிக்கிறது என்று. அவர் உடனே குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு தாள் தந்தார். நிகழ்ச்சி, நினைப்பு, உணர்வு நூற்றுக்கு எத்தனை, ஆதாரம், எதிர் ஆதாரம், மாற்று நினைப்பு. கிழமைக்கு மூன்று எழுதிவர வேண்டுமாம்.

ஜூலை 15, செவ்வாய்

தாளை நிரப்பினேன். படகு கவிழும், தண்ணீர் கறுப்பாக இருக்கும், அப்படி இப்படி. வாசித்த புத்தகங்கள் எதற்காவது உதவ வேண்டுமே. அழகாக வந்திருக்கிறது. எழுபது, அறுபத்தைந்து, அறுபது. படிப்படியாக இறக்கியிருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ரதீஸ் அண்ணா மே மாதத்துப் பதிவேட்டை அலுமாரியிலிருந்து எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் மூடினார்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்டுமில்ல. ஒரு திகதி பாத்தன்."

மே மாதத்தில் என்ன திகதி? பின்னேரம் வெளியே மரத்தடியில் போன் கதைத்தார். என்னைக் கண்டதும் முதுகைக் காட்டினார். டொக்டர் இரண்டு நாளாக என்னிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவில்லை. தேநீர் கொண்டு வருபவர்கூட என் கோப்பையை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

எல்லாருக்கும் தெரியும். நான்தான் கடைசியாகத் தெரிந்துகொள்ளப் போகிறேன்.

ஜூலை 19, சனி

நஸீறா மிஸ் தாள்களை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் வாசித்தார்.

"மாஷா அல்லாஹ், என்ன எழுத்து! இஞ்ச வாற ஆக்கள் எனக்குப் பாதி வசனந்தான் தருவாங்க. வெட்டி, கிறுக்கி, கண்ணீர் பட்டு. உங்கட தாள அச்சுக்குக் குடுக்கலாம்."

பாராட்டா? எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அடுத்த வேலையும் தந்தார். பயத்தை ஏணி மாதிரிப் படிபோட்டு ஏறவேண்டும். முதற்படி: துறைக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வருவது. இரண்டாம் படி: ஏறி, பாதை புறப்படும் முன் இறங்குவது. மூன்றாம் படி: அக்கரைக்குப் போய்வருவது. பெரியகல்லாற்றில் பிறந்து ஐந்து வயதில் நீந்தப் பழகியவளுக்கு இது சிரிப்பான வீட்டுவேலை.

ஜூலை 23, புதன்

சிரிப்பில்லை.

வேலை முடிந்து துறைக்குப் போனேன். போகாமலே போனதாக எழுதியிருக்கலாம். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பாதை வந்து தட்டியது. சனம் இறங்கியது, சைக்கிள்கள், கொத்துவேலைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சேலை கட்டிய ஒரு பெண் இறங்கினார். அவர் நடை மங்கையற்கரசி அக்காவின் நடை போலிருந்தது. கடலைக்காரியின் கூடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவரில்லை. வேறு யாரோ.

"என்ன புள்ள, கடன்காரியக் கண்டயா?" என்று கடலைக்காரி கேட்டார்.

நூற்றுக்கு எத்தனை? தொண்ணூறு. இதை மட்டும் பொய்யில்லாமல் எழுதினேன்.

ஜூலை 26, சனி

நஸீறா மிஸ் அந்தத் தொண்ணூறில் விரலை வைத்தார்.

"போன கிழம அறுவது. பாத்துக்கொண்டு நிண்டதுக்குத் தொண்ணூறு. ஏன்?"

"தெரியல்ல."

"பாதை எத்தனை மணிக்கு எத்தனை மணிக்குப் போகுது தங்கச்சி?"

"எட்டு மணிக்கு ஒண்டு... மற்றது தெரியா."

"எத்தனை பேர் ஏத்துவாங்க? லைப் ஜக்கட் இரிக்கா? கடைசியா எப்ப பழுதானது?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை, தாளை மடித்தார்.

"பயந்த ஆக்களுக்கு இதெல்லாம் தெரியும். விசாரிச்சு வச்சிரிப்பாங்க. உங்களுக்குத் தண்ணிக்குப் பயமில்ல. அங்கால என்ன இரிக்கி?"

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யார் சொன்னது? யாரோ சொல்லியிருக்க வேண்டும். ரதீஸ் அண்ணாவின் மனைவி வாழைச்சேனையில் படிப்பிக்கிறார். நஸீறா மிஸ்ஸும் ஏதோ கூட்டத்துக்கு வாழைச்சேனை போனதாகச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். சேருகிறது. சேர்த்தால் எதுதான் சேராது?

இனிப் போகப்போவதில்லை.

ஜூலை 28, திங்கள்

அவருடைய தாள் ஒன்று மிச்சமிருந்தது. யாருக்கும் காட்டுவதற்கில்லாமல் நிரப்பினேன்.

நினைப்பு: நான் மருந்தை மாற்றிக் கொடுத்தேன், ஆச்சிப்பிள்ளை அம்மா செத்துப்போனார். நம்புவது எண்பத்தைந்து.

ஆதாரம்: இரண்டு கிளினிக் வரவில்லை. கிழவி விழுந்த கதை. ரதீஸ் அண்ணாவின் பார்வை. (இது ஆதாரமா? பார்வை எப்படி ஆதாரமாகும்? வெட்டினேன்.) தேநீர்க் கோப்பை. (வெட்டினேன். எழுதவே வெட்கமாக இருந்தது.) வெட்ட வெட்ட மிஞ்சியது முதல் இரண்டும்தான்.

எதிர் ஆதாரம்: மாற்றினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மாற்றவில்லை என்றும் ஞாபகமில்லை.

தாளில் இதற்கு மேல் போக முடியாது. மிச்ச ஆதாரம் அக்கரையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போய் வந்தேன்.

பாதையில் என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை. இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து போனேன். மங்கையற்கரசி அக்கா வளவு கூட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

"மிஸ்... விசாரிக்க வந்தீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல்.

"யாருகா அது?"

"ஆஸ்பத்திரி மருந்து மிஸ் அம்மா."

உயிரோடு இருக்கிறார். வாசற்படியைப் பிடித்தபடி வந்தார், நல்ல உயரமான மனுஷி. இடது மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியிருந்தது. கதிரை தரும் முன்பே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்த நேரம் கிழவி கேட்டார்:

"நீயா மனே மருந்து தாறது? அண்டைக்கு ஒரு குளிசை தந்தாய். போட்டா நல்லாப் பசிக்கும். ரெண்டு தரம் சோறு திண்டன். இப்ப தாறது ஒண்டுக்கும் உதவாது. அது இன்னம் ஒள்ளம் இரிக்கா?"

பசி. சீனி இறங்கினால் பசிக்கும். ஆக, மாறித்தான் போயிருக்கிறது.

மங்கையற்கரசி அக்கா என் கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே நின்று, மூச்சுவிடாமல் சொன்னார். அன்று பாதையில் வரும்போது திடீரென்று மழை. கொப்பிகள் நனைகிறதென்று எல்லா உறைகளையும் வெளியே எடுத்து ஒரே பொலித்தீன் பைக்குள் போட்டாராம். வீட்டுக்கு வந்து, போன மாதம் எது யாருக்கு என்ற ஞாபகத்தில் பிரித்தாராம். ஐந்தாம் நாள் அம்மாவுக்கு வேர்த்து, நடுங்கி, கிணற்றடியில் விழுந்தார். கை முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் சீனி குறைந்திருக்கிறது, என்ன குளிசை போட்டவர் என்று கேட்டபோது "பிரசர் குளிசை மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மிச்சத்தை ஆற்றில் எறிந்துவிட்டார். கதிர்காமத்தம்பி ஐயாவுக்கும் அந்த மாதம் சீனி ஏறி, காலில் புண் வந்து ஆறியிருக்கிறது. அன்றிலிருந்து மூன்று கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

"உங்கட முகத்தப் பாக்க ஏலாம இருந்திச்சு மிஸ். எங்க மாத்திப்போட்டாய் எண்டு கேட்டா நான் என்னத்தச் செல்லுற? பெத்த தாய நானே விழுத்திப்போட்டன். தம்பிமாருக்குத் தெரிஞ்சா என்ன வீட்டுல வைப்பாங்களா? ஒருத்தருக்கும் செல்லிராதீங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நானாகவும் இருக்கலாம் அக்கா, அன்று என் மேசையில் கொப்பிகள் விரிந்து கிடந்தன என்று. வாயிலிருந்து வந்தது வேறு.

"பயப்படாதீங்க. அடுத்த கிளினிக்குக்கு வாங்க, மருந்து தாறன்."

அவர் என் கையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். போகும்போது ஒரு பை கத்தரிக்காய் தந்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கினேன்!

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழு மணி நேரம் நித்திரை. நெஞ்சு படபடக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தாளின் கடைசிப் பத்தி நிரம்பிவிட்டது. மாற்று நினைப்பு: பொலித்தீன் பைக்குள் கலந்திருக்கிறது. என்னிடமிருந்து சரியாகவே போயிருக்கலாம். நம்புவது எண்பது. பயம் பதினைந்து.

எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. ஆதாரம் தேடினேன், கிடைத்தது, இறங்கியது. பிறகு ஏன் இந்தப் பதினைந்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை? இரண்டரை மாதமாக ஊரிலுள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டேன். இந்த நிம்மதியை மட்டும் ஏன் விசாரிக்காமல் உள்ளே விட்டேன்? பைக்குள் கலந்தது என்பதற்கு ஆதாரம் என்ன? அவருடைய பயம். நான் மாற்றினேன் என்பதற்கு ஆதாரம் என்ன? என்னுடைய பயம். இரண்டும் ஒரே எடை. ஆனால் அவருக்கு என் பக்கத்துக் கதை தெரியாது. தெரியாததால்தான் அவர் முழுவதையும் சுமக்கிறார்.

கத்தரிக்காயை அம்மா பால்கறி வைத்திருந்தார். யார் தந்தது என்று கேட்டார். ஒரு நோயாளி என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

திரும்பவும் நஸீறா மிஸ்ஸிடம் போனேன். போன சனி ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. பதினைந்தைக் காட்டினேன்.

"நல்லா விழுந்திரிக்கே. என்னத்தால?"

"பாதையில ஏறினன். அக்கரைக்குப் போனன். நான் பயந்த மாதிரி நடக்கல்ல."

ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படி ஒரு பொய்யை நான் இதற்கு முன் சொன்னதில்லை.

"அப்ப இனி வரத் தேவையில்லயா?"

"வாற கிழம மட்டும் வாறன்."

"வாங்க. நான் இஞ்சதான் இரிப்பன்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னை நம்பவில்லை அந்த மனுஷி. நல்லது.

ஆகஸ்ட் 13, புதன்

எட்டு மணிப் பாதையில் வந்தார்.

கொப்பிகளில் றப்பர் வளையம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு துணிப்பைக்குள். பழைய சேலையில் தைத்தவை: பச்சை, சிவப்பு, மஞ்சள். நூலால் பெயர் தைத்து, வாய்க்குப் பொத்தான் வைத்திருந்தார். மூன்றையும் மேசையில் இடைவெளிவிட்டு அடுக்கினார். பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

"இனி மாறாது மிஸ். ராவு பகலா இருந்து தைச்ச. இனி என்னால ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

அந்தப் பொத்தான்களைப் பார்த்தேன். எண்பது வீதம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அக்கா, அது இஞ்ச மாறியிருக்கலாம்."

"என்ன மிஸ்?"

"அண்டைக்கு நான் திரும்பிப் பாக்காம உறைய வச்சன். பேரும் எழுதல்ல. நானா நீங்களா எண்டு எனக்குத் தெரியா. நீங்கதான் எண்டு நீங்களும் சொல்ல ஏலாது."

குரல் உயர்ந்துவிட்டது போல. வரிசை அடங்கியது. பின்னால் நின்ற ஒருவர் "என்ன மருந்து மாறினதாம்?" என்று கேட்பது கேட்டது. மங்கையற்கரசி அக்கா மூன்று பைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, மிக மெதுவாக,

"அப்ப ஏன் அண்டைக்கு வீட்டுக்கு வந்து இதச் செல்லல்ல?"

"பயம்."

"என்ர கத்தரிக்காயத் திண்டீங்களா?"

"ஓம்."

"திண்டுபோட்டுத்தான் செல்றீங்க!" கோபமா சிரிப்பா, இரண்டும்தானா? கண் நிறைந்திருந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு உறையிலும் பெயர் எழுதிக் கொடுத்தேன். ஆச்சிப்பிள்ளை என்ற பெயர் கோணிப்போனது.

ரதீஸ் அண்ணா என் வரிசையையும் தன் யன்னலுக்கு எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்றுப் பின்னேரமே டொக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். வெட்டி, கிறுக்கி. இன்று கூப்பிட்டார். மேலிடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், விசாரணை வரும் என்றார். மே மாதமே சொல்லியிருந்தால் அந்தக் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அதற்கு எந்தத் தாளிலும் எதிர் ஆதாரம் இல்லை.

வெளியே ரதீஸ் அண்ணா நின்றார்.

"மே மாசப் பதிவேட்டில என்ன பாத்தீங்க?" என்று நேரே கேட்டேன்.

"என்ர இடமாற்றத்துக்கு வேலை செஞ்ச நாள் கணக்குக் கேட்டவங்க. வாழைச்சேனைக்குக் கேட்டிருக்கிறன், மனுசியும் புள்ளையும் அங்கதானே. உனக்குத் தெரிஞ்சு கோவத்தில இருக்கிறாய் எண்டு நினைச்சன். ரெண்டு மாசமா என்னப் பாத்தா பேயக் கண்ட மாதிரி ஓடினா வேற என்னத்த நினைக்கிற?"

ஆகஸ்ட் 16, சனி

நஸீறா மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். பாதைக்குப் பயம் என்றது பொய் என்பதையும்.

"இது வெளிய போகுமா?" என்று கேட்டேன்.

"இப்ப ஆபத்தில ஆருமில்லயே. நான் ஏன் அனுப்புற? நீங்க அனுப்புறீங்களா?"

"அனுப்பிட்டன். புதன் பின்னேரம்."

"அல்லாஹ்வே, எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கல்ல" என்று சிரித்தார். பிறகு புதுத் தாள் எடுத்தார். விசாரணை பற்றிய நினைப்பு, நூற்றுக்கு எத்தனை? எழுபது என்றேன். வெட்டியும் கிறுக்கியும் எழுதினேன். இன்னும் நான்கு கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

அக்கரையில் ஏதோ இருக்கிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எழுபது வீதம் நம்புகிறேன். முப்பது இருக்கட்டும்.

செப்டெம்பர் 10, புதன்

நாளை பத்து மணிக்கு விசாரணை. அம்மாவிடம் சொன்னேன். "வேலை போனா?" என்றார். "போனா போகட்டும் எண்டு சொல்ல மாட்டன் அம்மா, பயமாத்தான் இருக்கு" என்றேன். அவர் என் சேலையை எடுத்து மடிப்பு அழுத்தத் தொடங்கினார்.

கிளினிக்கில் இப்போது எல்லா உறையிலும் பெயர். வரிசை நீளுகிறது. "பேர எழுதி முடிக்கிறதுக்குள்ள வருத்தம் தானா சுகமாகிடும்" என்று திட்டினார் ஒருவர். ரதீஸ் அண்ணா தானும் நெரிசல் நாளில் பெயர் எழுதியதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

காலையில் கிளினிக் நெரிசலில் மங்கையற்கரசி அக்காவோடு கதைக்க முடியவில்லை, பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார். அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். தம்பிமாரிடம் தானே சொல்லிவிட்டாராம். மூத்தவர் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நாளை முதல் பாதையில் வருகிறாராம், துறையில் நில்லுங்கள் என்றார்.

"விசாரணைக்கு என்னத்த உடுக்கிற மிஸ்? நீங்க என்ன உடுக்கிறீங்க?"

"நீலச் சேலை."

"என்னட்டயும் நீலந்தான் நல்லது. ரெண்டு பேரும் ஒரே நிறத்தில போனா, பேசிவச்சிட்டு வந்திரிக்காளுகள் எண்டு நினைப்பாங்களே?"

நினைக்கட்டும் என்றேன்.